புயல் மர்மக் கதை அல்ல

ஐப்பசி பிறந்துவிட்டால் தமிழ்நாட்டில் எல்லோரும் வானிலை நிபுணர்கள் ஆகிவிடுகிறோம். டீக்கடையில், ரேஷன் கடையில், கூடுவாஞ்சேரி ரயில் நிலையத்து நடைமேடையில், எங்கும் ஒரே பேச்சு: "புயல் வருமா, வராதா?" தொலைக்காட்சியில் சிவப்பு எழுத்துக்கள் ஓடுகின்றன. கைபேசியில் யார் யாரோ அனுப்பும் படங்கள் வந்து விழுகின்றன. மர்ம நாவலைக் கையில் எடுத்ததும் கடைசிப் பக்கத்தைப் புரட்டுகிறவரைப் போல எல்லோரும் முடிவை மட்டும் கேட்கிறோம்.

நகரத்தில் இருப்பவருக்கு இது பொழுதுபோக்காகக்கூட இருக்கலாம். இரண்டு ஏக்கர் சம்பா நெல்லைக் கழனியில் விட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக் கொண்டிருக்கும் சிறு விவசாயிக்கு அப்படி இருக்க முடியாது. புயலை மர்மக் கதையாகப் படிக்கும் பழக்கம் விவசாயிக்கு நஷ்டத்தைத் தருகிறது. வரவு செலவுக் கணக்கைப் படிப்பது போல அதைப் படிக்க நாம் பழகிக்கொள்ள வேண்டும். இதுவே இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது.

ஓய்வு பெற்றும் ஓயாத ஆர்வம்

சென்னை நுங்கம்பாக்கத்தில் உள்ள புயல் எச்சரிக்கை மையத்தின் இயக்குநராக இருந்த திரு. எஸ். ஆர். ரமணன் அவர்களை அறியாத தமிழர் குறைவு. மழைக்காலத்தில் அவர் முகம் தொலைக்காட்சியில் தோன்றினால் பள்ளிப் பிள்ளைகள் மறுநாள் விடுமுறை கிடைக்குமா என்று காத்திருப்பார்கள். விவசாயிகள் வேறு காரணத்துக்காகக் காத்திருந்தார்கள். அவர் பேச்சில் பதற்றம் இருக்காது. தாழ்வு நிலை எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது, எந்தெந்த இடங்களில் எத்தனை சென்டிமீட்டர் மழை பெய்திருக்கிறது, அடுத்த 24 மணி நேரத்துக்கு என்ன எதிர்பார்க்கலாம் என்று வரிசையாகச் சொல்லி முடிப்பார்.

2016ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் அவர் ஓய்வு பெற்றார். உத்தியோகம் முடிந்தது, ஆர்வம் முடியவில்லை. அதற்குப் பிறகும் வங்கக் கடலில் ஒரு சின்னம் உருவானால் நிருபர்கள் அவரைத் தேடிப் போவதும், அவர் அதே நிதானத்துடன் விளக்குவதும் நடந்திருக்கின்றன.

இத்தகையவர்கள் வானிலைத் துறையில் முன்பும் இருந்திருக்கிறார்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் பௌதிகம் படித்து, சர் சி. வி. ராமனிடம் ஆராய்ச்சி செய்த அன்னா மாணி அம்மையார், இந்திய வானிலைத் துறையின் துணைத் தலைமை இயக்குநராக இருந்து 1976ஆம் ஆண்டு ஓய்வு பெற்றார். வீட்டில் உட்காரவில்லை. நாடு முழுவதும் வெயிலின் அளவையும் காற்றின் வேகத்தையும் கணக்கெடுத்துத் தொகுக்கும் வேலையைத் தொடர்ந்தார். இன்று நம் நாட்டில் காற்றாலைகளும் சூரிய மின் நிலையங்களும் இத்தனை நிற்பதற்கு அந்தக் கணக்குகளும் ஓர் அடிப்படை.

இன்னும் பின்னால் போனால் ஹென்றி பிடிங்டன் என்ற ஆங்கிலேயர் வருகிறார். கப்பல் கேப்டனாக இருந்து, அந்த வாழ்க்கையை விட்டுக் கல்கத்தாவில் தங்கியவர். கப்பல்களின் நாட்குறிப்புகளைச் சேகரித்து வங்கக் கடல் புயல்களை ஆராய்ந்தார். பாம்பு சுருண்டது போலக் காற்று சுழல்வதைப் பார்த்து, கிரேக்கச் சொல்லிலிருந்து 'சைக்ளோன்' என்ற பெயரை உண்டாக்கியவர் அவர்தான். 1848இல் வந்த அவருடைய புத்தகத்தால் அந்தச் சொல் உலகெங்கும் பரவியது. கல்கத்தாவுக்குத் தெற்கே மாத்லா ஆற்றங்கரையில் ஒரு துறைமுகம் கட்ட அரசாங்கம் திட்டமிட்டபோது, அங்கே புயல் வெள்ளம் ஒரு நாள் எல்லாவற்றையும் அழித்துவிடும் என்று 1853இல் அவர் எழுதி எச்சரித்தார். யாரும் கேட்கவில்லை. துறைமுகம் எழுந்தது. 1867ஆம் ஆண்டுப் புயல் அதைச் சிதைத்துவிட்டது. அதைப் பார்க்க பிடிங்டன் உயிரோடு இல்லை.

இந்த மூவரிடமும் ஒரு பொதுத் தன்மை உண்டு. புயல் அன்றைக்கு மட்டும் வானத்தைப் பார்த்தவர்கள் அல்லர். மழை இல்லாத நாளிலும் எண்களைக் குறித்து வைத்தவர்கள். அவர்களுடைய ஆர்வம் என்று நாம் வியப்பது உண்மையில் அந்த அன்றாடக் கணக்கைத்தான்.

கதைக்கும் புயலுக்கும் உள்ள உறவு

தமிழருக்கு மர்ம நாவல் புதிதல்ல. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் காலத்தில் தொடங்கி, தமிழ்வாணன், சுஜாதா, ராஜேஷ்குமார் வரை மூன்று நான்கு தலைமுறைகளை அது தூங்கவிடாமல் செய்திருக்கிறது. பஸ் நிலையத்துப் புத்தகக் கடையில் ஒன்றை வாங்கினால் செங்கல்பட்டிலிருந்து திண்டிவனம் போவதற்குள் முடித்துவிடலாம். நானும் படிப்பவன்தான். குறை சொல்லவில்லை.

புயலுக்குப் பெயர் வைக்கும் வழக்கம் பரவியதிலேயே ஒரு நாவலுக்குப் பங்கு உண்டு என்றால் உங்களுக்கு வியப்பாக இருக்கும். அமெரிக்காவில் ஜார்ஜ் ஸ்டூவர்ட் என்ற பேராசிரியர் 1941இல் 'புயல்' என்ற பொருள் கொண்ட தலைப்பிலேயே ஒரு நாவல் எழுதினார். கதாநாயகன் மனிதன் அல்லன். பசிபிக் கடலில் பிறந்து கலிபோர்னியாவைத் தாக்கும் ஒரு புயல். வானிலை அலுவலகத்தில் வேலை செய்யும் ஓர் இளைஞன் அந்தப் புயலுக்கு மனத்துக்குள் 'மரியா' என்று பெண் பெயர் வைத்துக்கொள்கிறான். இரண்டாம் உலகப் போரின்போது பசிபிக் பகுதியில் வேலை செய்த வானிலையாளர்கள் இந்த நாவலைப் படித்தார்கள். தாங்களும் அப்படியே பெயர் வைக்கத் தொடங்கினார்கள். 1953இல் அமெரிக்க அரசே பெண் பெயர்களை ஏற்றுக்கொண்டது. பின்னர் ஆண் பெயர்களும் சேர்ந்தன.

நமது பகுதியில் 2004ஆம் ஆண்டு முதல் புயல்களுக்குப் பெயர் வைக்கப்படுகிறது. வங்கக் கடலையும் அரபிக் கடலையும் சுற்றியுள்ள 13 நாடுகள் ஆளுக்குப் பதின்மூன்றாக 169 பெயர்களைக் கொடுத்து 2020இல் புதிய பட்டியல் வெளியாயிற்று. 'மாண்டஸ்' ஐக்கிய அரபு நாடு கொடுத்தது. 'மிக்ஜாம்' மியான்மர் கொடுத்தது. 'ஃபெஞ்சல்' சவுதி அரேபியா கொடுத்தது. இந்தியா கொடுத்த பெயர்களில் 'முரசு' என்ற தமிழ்ச் சொல்லும் இருக்கிறது.

பெயர் வைத்ததில் நன்மை உண்டு. ஒரே சமயத்தில் இரண்டு புயல்கள் இருந்தால் குழப்பம் வராது; ஜனங்கள் நினைவில் வைத்துக்கொள்வார்கள். ஆனால் பெயர் வந்ததும் புயல் ஒரு கதாபாத்திரம் ஆகிவிடுகிறது. பெயர் பெற்றது வில்லன், பெயர் பெறாதது ஒன்றும் செய்யாது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. இங்கேதான் விவசாயி ஏமாறுகிறார். காற்றின் வேகம் மணிக்கு 62 கிலோமீட்டரை எட்டினால்தான் அதற்குப் புயல் என்று பெயர். அதற்குக் கீழே இருந்தால் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். இந்தக் கணக்கு முழுவதும் காற்றைப் பற்றியது. கழனியில் நிற்கும் நெல்லைப் பெரும்பாலும் கெடுப்பது தேங்கும் தண்ணீர். தண்ணீர் கொண்டுவர மேகத்துக்குப் பெயர் தேவையில்லை.

2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதியை இந்தப் பக்கத்து மக்கள் மறக்க மாட்டார்கள். அன்று பெயருள்ள புயல் எதுவும் கரையைக் கடக்கவில்லை. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் மழை பதிவாயின. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் தண்ணீர் அடையாற்றில் சேர்ந்து முடிச்சூரை மூழ்கடித்தது.

நம் கரையில் நான்கு பாடங்கள்

மர்மக் கதையை எழுதுகிறவர் தெரிந்ததை மறைத்துக்கொண்டே போய்க் கடைசியில் சொல்வார். வானிலையாளர் தெரிந்ததை முதலிலேயே சொல்லிவிட்டு, தெரியாதது எது என்பதையும் சொல்வார். ஆறு மணி நேரத்துக்கு முன்பு சொன்னதை இப்போது மாற்றினால் அது அவருடைய தோல்வி ஆகாது. புதிய கணக்கு வந்திருக்கிறது என்று பொருள். நம் கரையில் நடந்த சிலவற்றைப் பார்த்தால் இது விளங்கும்.

முதலாவது 2016. டிசம்பர் தொடக்கத்தில் 'நாடா' என்ற புயல் வருகிறது என்று அறிவித்தார்கள். அது கடலிலேயே வலுவிழந்து, தாழ்வு மண்டலமாகக் காரைக்கால் பக்கம் கரையேறியது. "ஒன்றுமில்லாததற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று பலர் கேலி செய்தார்கள். பத்தே நாளில், டிசம்பர் 12ஆம் தேதி, 'வர்தா' சென்னைக் கரையை மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் தாக்கியது. வண்டலூர் உயிரியல் பூங்காவில் மட்டும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. முன்னதைக் கேலி செய்தவர் பின்னதற்குத் தயாராக இருந்திருக்க மாட்டார்.

இரண்டாவது 2022. 'மாண்டஸ்' டிசம்பர் 9ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. தீவிரப் புயலாக இருந்தது கரைக்கு வருமுன் சற்றுத் தணிந்து, மணிக்கு 65 முதல் 75 கிலோமீட்டர் வேகக் காற்றுடன் வந்தது. கடற்கரை ஓரத்துப் படகுகளும் மரங்களும் சேதமாயின. கரையைக் கடக்கும் இடம் என்று சொல்வது புயலின் நடுப்புள்ளியை மட்டுமே. புயலின் உடம்போ பல நூறு கிலோமீட்டர் அகலம். "மாமல்லபுரத்தில்தானே கடக்கிறது, நமக்கென்ன" என்று மதுராந்தகத்துக்காரரோ திருப்போரூர்க்காரரோ இருந்துவிடக் கூடாது.

மூன்றாவது 2023. 'மிக்ஜாம்' தமிழ்நாட்டுக் கரையைத் தொடவே இல்லை. டிசம்பர் 5ஆம் தேதி ஆந்திரத்தில் பாபட்லா அருகே கரையேறியது. ஆனால் 3, 4 தேதிகளில் நம் கரையை ஒட்டி மெதுவாக ஊர்ந்து, சென்னையையும் சுற்று வட்டாரத்தையும் வெள்ளக்காடாக்கிவிட்டுத்தான் போயிற்று. வேகமாகப் போகும் புயலைவிட மெதுவாகப் போகும் புயல் பயிருக்குப் பொல்லாதது.

நான்காவது 2024. 'ஃபெஞ்சல்' ஆழ்ந்த தாழ்வு மண்டலமாகவே கரையைக் கடக்கும் என்று ஒரு கட்டத்தில் கணிக்கப்பட்டது. நவம்பர் 29ஆம் தேதி அது புயலாக வலுப்பெற்றது. 30ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையேறி, அங்கேயே பல மணி நேரம் நகராமல் நின்றது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர். அதற்கு அடுத்த நாள் கடலே இல்லாத கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர்.

இந்த நான்கையும் கதையாகப் படித்தால் ஒவ்வொன்றும் ஒரு திடீர்த் திருப்பம். கணக்காகப் படித்தால் நான்கு விவரங்கள் மிஞ்சும்: எவ்வளவு மழை, எவ்வளவு காற்று, எத்தனை மணி நேரம், எந்தப் பக்கம். அறிக்கையில் இந்த நான்கையும் தேடிப் பாருங்கள். பெயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை என்பது பழமொழி. பொதுவாகச் சரிதான். ஆனால் தனுஷ்கோடியை அழித்த 1964ஆம் ஆண்டுப் புயல் டிசம்பர் 22, 23 தேதிகளில் வந்தது. கடலூர் மாவட்டத்து முந்திரியையும் பலாவையும் வீழ்த்திய 'தானே' 2011 டிசம்பர் 30இல் வந்தது. இரண்டும் மார்கழி. பழமொழியை நம்பி மார்கழியில் நெல்லைக் களத்தில் மூடாமல் விடுவது புத்திசாலித்தனம் ஆகாது.

சொற்களின் அளவு

அறிக்கையில் வரும் சொற்கள் அலங்காரத்துக்கு வருபவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் அளவு உண்டு. 'ஓரிரு இடங்களில்' என்றால் அந்தப் பகுதியிலுள்ள மழைமானிகளில் நான்கில் ஒரு பங்கு வரை மழையைப் பதிவு செய்யலாம். 'ஒருசில இடங்களில்' என்றால் அதற்கு மேல், பாதி வரை. 'அநேக', 'பெரும்பாலான' என்ற சொற்கள் வந்தால் பாதிக்கு மேல். ஆகவே 'ஓரிரு இடங்களில்' என்ற நாளில் பக்கத்து ஊரில் பெய்து உங்கள் ஊரில் பெய்யாவிட்டால் அறிக்கை பொய்த்தது என்று சொல்ல முடியாது.

அதேபோல, 24 மணி நேரத்தில் 7 முதல் 11 சென்டிமீட்டர் வரை பெய்தால் கனமழை. 12 முதல் 20 வரை மிக கனமழை. அதற்கும் மேல் அதி கனமழை.

இதை உங்கள் நிலத்துக்கு மாற்றிப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர். ஓர் ஏக்கர் ஏறக்குறைய 4,047 சதுர மீட்டர். எனவே 10 சென்டிமீட்டர் மழை உங்கள் ஓர் ஏக்கரில் நான்கு லட்சம் லிட்டர் தண்ணீரைக் கொட்டுகிறது. 2015இல் தாம்பரத்தில் பெய்தது ஏக்கருக்கு ஏறக்குறைய இருபது லட்சம் லிட்டர். இதில் மேட்டு நிலத்திலிருந்து வரும் தண்ணீர் சேரவில்லை. இத்தனையும் வெளியேற உங்கள் வடிகாலின் வாய் எத்தனை சாண் அகலம் என்று யோசித்தால், மழைக்கு முன்பு மண்வெட்டி எடுக்க வேண்டியதன் அவசியம் தானே புரியும்.

ஏரிகள் மாவட்டம் என்று பெயர் பெற்றது நம் செங்கல்பட்டு. கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம், மறைமலைநகர் பக்கம் கழனிகள் மனைகளாகிவிட்டன. பழைய போக்குக் கால்வாய்கள் பல இடங்களில் சுவருக்கு அடியில் போய்விட்டன. முப்பது வருடத்துக்கு முன்பு 15 சென்டிமீட்டர் மழையைத் தாங்கிய கழனி இன்று தாங்காமல் போகலாம். ஆகவே தாத்தா காலத்து அனுபவத்தோடு நேற்றைய கணக்கும் வேண்டும்.

எந்த எச்சரிக்கைக்கு எந்த வேலை?

"சார், வருமா வராதா, அத மட்டும் சொல்லுங்க. நான் அறுக்கணுமா வேணாமான்னு முடிவு பண்ணிக்கிறேன்" என்று ஒரு விவசாயி என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் வருமா வராதா என்பது உறுதியாகத் தெரியும் நேரத்தில் அறுக்க நேரம் இருக்காது. உறுதி இல்லாதபோதே முடிவு எடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு வழி உண்டு.

வேலைகளை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். செலவு குறைந்தவை ஒன்று. செலவு அதிகமானவை மற்றொன்று. ஒரு வடிகாலைச் சுத்தம் செய்யக் கூலி ஆயிரம் ரூபாய் ஆகிறது, செய்யாவிட்டால் பயிரில் பத்தாயிரம் ரூபாய் நஷ்டம் என்று வைத்துக்கொள்வோம். பத்தில் ஒரு தடவைக்கு மேல் பெருமழை வருமானால் ஒவ்வொரு தடவையும் சுத்தம் செய்வதே லாபம். ஒன்பது தடவை மழை வராமல் போனாலும் பத்தாவது தடவை கணக்கு நேராகிவிடும். ஆனால் முற்றாத நெல்லை அறுத்துவிட்டால் இழப்பு பெரிது. அதற்கு அதிக உறுதி வேண்டும்.

வானிலைத் துறையின் எச்சரிக்கைகளும் படிப்படியாகவே வருகின்றன. சுமார் 72 மணி நேரத்துக்கு முன்பு முன்னறிவிப்பு, 48 மணி நேரத்துக்கு முன்பு அடுத்த கட்டம், 24 மணி நேரத்துக்கு முன்பு எச்சரிக்கை, கரையைக் கடக்க 12 மணி நேரம் இருக்கும்போது கடைசிக் கட்டம். இந்தப் படிகளோடு உங்கள் வேலைகளைப் பொருத்திக்கொள்ளலாம்.

மூன்று நாள் முன்பு: யூரியா இடுவதை நிறுத்துங்கள், பூச்சிமருந்து தெளிப்பதையும் நிறுத்துங்கள். இரண்டும் மழையில் கரைந்து வீணாகும். மடைகளைத் திறந்து வடிகால்களைத் தூர் எடுங்கள். நவரைக்கு நாற்றங்கால் விடுவதாக இருந்தால் சில நாள் தள்ளிப் போடுங்கள். விதைத்த தர்பூசணி நிலத்தில் தண்ணீர் வெளியேற வாய்க்கால் பிடியுங்கள். புயல் வராவிட்டாலும் இவற்றில் எதுவும் நஷ்டம் இல்லை.

இரண்டு நாள் முன்பு: வாழைக்கு முட்டுக் கொடுங்கள். தென்னையில் முற்றிய காய்களையும் இளநீரையும் இறக்கி, கனமான அடிமட்டைகளை வெட்டுங்கள். வைக்கோல் போரைக் கட்டுங்கள். களத்திலுள்ள நெல்லை மேட்டுக்கு மாற்றித் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். மாடு கன்றுகளுக்கு மூன்று நாள் தீவனமும் தண்ணீரும் சேர்த்து வையுங்கள். ஏரிக்கரையில் கசிவு இருந்தால், கலங்கலில் அடைப்பு இருந்தால் இப்போதே ஊராட்சியிடமும் நீர்வளத் துறையிடமும் சொல்லுங்கள்.

ஒரு நாள் முன்பு: கதிரில் ஐந்தில் நான்கு பங்கு மணிகள் பழுத்திருந்தால், ஆளோ இயந்திரமோ கிடைத்தால், அறுத்துவிடுங்கள். முற்றிய மணிலாவைப் பிடுங்கி உள்ளே சேருங்கள். பூக்கும் பருவத்து நெல்லையோ பால் பிடிக்கும் பயிரையோ ஒன்றும் செய்ய முடியாது. வடிகாலை மட்டும் பாருங்கள். கடைசி 12 மணி நேரத்தில் பயிரை மறந்துவிடுங்கள். மோட்டாரின் மின் இணைப்பைத் துண்டியுங்கள். மாடுகளை மரத்தடியிலும் பழைய சுவர் ஓரத்திலும் கட்டாதீர்கள். வீட்டுக்குள் இருங்கள்.

மழை விட்ட பிறகு முதல் வேலை தேங்கிய தண்ணீரை வடிப்பது. வடித்தபின் சம்பாப் பயிர் மஞ்சளாக நின்றால் ஏக்கருக்கு யூரியா 22 கிலோ, ஜிப்சம் 18 கிலோ, வேப்பம் புண்ணாக்கு 4 கிலோ கலந்து ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷுடன் சேர்த்து இடலாம். பயிர்க் காப்பீடு செய்தவர்கள் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். அறுத்துக் களத்தில் காய வைத்த பயிர் 14 நாட்களுக்குள் புயல் மழையில் கெட்டால், 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். புயல் சின்னம் உருவான பிறகு காப்பீடு செய்ய ஓடுவதில் பயன் இல்லை.

ஊருக்கு ஒரு வானிலையாளர்

அறிக்கைகள் தப்பிப் போவதும் உண்டே என்று கேட்பீர்கள். உண்டு. வங்கக் கடலில் அளவீட்டுக் கருவிகள் குறைவு. கரைக்கு அருகில் வந்து திடீரென்று வலுக்கும் புயலையும், நகராமல் நிற்கும் புயலையும் முன்கூட்டிக் கணிப்பது இன்றும் கடினம். செயற்கைக்கோளும், 2002 முதல் சென்னையில் வேலை செய்யத் தொடங்கிய டாப்ளர் ரேடாரும் வந்த பிறகு நிலைமை எவ்வளவோ முன்னேறியிருக்கிறது. மாவட்டம் முழுமைக்கும் சொல்வதில் தேர்ச்சி பெற்றிருக்கிறோம். ஆனால் உங்கள் ஊர்க் கழனியில் நாளை எத்தனை சென்டிமீட்டர் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

அந்த இடைவெளியை நிரப்ப மனிதர்கள் வேண்டும் என்பது என் கருத்து. வேளாண் அறிவியல் நிலையங்களில் மாவட்ட வேளாண் வானிலைப் பிரிவுகள் என்று நாடு முழுவதும் 199 பிரிவுகள் அமைக்கப்பட்டிருந்தன. வட்டார அளவில் வானிலையைப் பயிரோடு சேர்த்து விவசாயிக்குச் சொல்வதே அவற்றின் வேலை. 2024ஆம் ஆண்டு மார்ச்சில் அவற்றை மூடினார்கள். இயந்திரமே எல்லா விவரத்தையும் திரட்டித் தந்துவிடும் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. இயந்திரம் எண்ணைத் தரும். "இந்த எண்ணுக்கு இந்தக் கழனியில் என்ன செய்யலாம்?" என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் வேண்டும். பெயர் எதுவாக இருந்தாலும் இத்தகைய ஏற்பாடு வட்டாரம் தோறும் நிலையாக இருக்க வேண்டும். ஓய்வு பெற்ற வானிலையாளர்களின் அனுபவத்தை இதற்குப் பயன்படுத்தலாம். ரமணன் போன்றவர்களைப் புயல் அன்று மட்டும் தேடாமல், சித்திரையிலேயே கிராமங்களுக்கு அழைத்துப் பேசச் சொன்னால் என்ன?

அரசு செய்யும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. செவ்வாய், வெள்ளி தோறும் வேளாண் வானிலை அறிக்கை வெளிவருகிறது. கைபேசியில் 'மேகதூத்' செயலியில் தமிழிலேயே பார்க்கலாம். 1800 180 1551 என்ற கட்டணமில்லாத எண்ணில் விவசாயிகள் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கூடுவாஞ்சேரிப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையம் அருகிலேயே இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வோர் ஊரிலும் ஒரு மழைமானியும் ஒரு நோட்டுப் புத்தகமும் வேண்டும். ஓய்வு பெற்ற ஆசிரியர், தபால்காரர், ரயில்வே ஊழியர் என்று யாராவது ஒருவர் எந்த ஊரிலும் இருப்பார். தினமும் காலை எட்டரை மணிக்கு மழைமானியைப் பார்த்து எழுதட்டும். பெய்யாத நாளில் பூஜ்யம் என்று எழுதட்டும். எத்தனை சென்டிமீட்டருக்கு ஏரி கலங்கல் போயிற்று, எத்தனைக்கு எந்தக் கழனி மூழ்கியது, தண்ணீர் வடிய எத்தனை நாள் ஆயிற்று என்றும் குறிக்கட்டும். ஐந்து வருடம் எழுதினால் அந்த ஊருக்கு வேறு எங்கும் கிடைக்காத ஒரு புத்தகம் கிடைத்துவிடும். "நாளை 12 சென்டிமீட்டர் வரை பெய்யலாம்" என்று அறிக்கை வந்தால், அந்த நோட்டைப் புரட்டி, "அப்படியானால் கீழண்டைக் கழனிக்கு ஆபத்து, மேலண்டைக்குப் பயமில்லை" என்று ஊரிலேயே சொல்ல முடியும். காப்பீடு, நிவாரணம் என்று அதிகாரிகள் கேட்கும்போதும் அந்த நோட்டைக் காட்டிப் பேசலாம்.

மர்ம நாவலை இரவில் படித்து ரசிப்போம். அதில் கடைசிப் பக்கம் வரை காத்திருப்பதுதான் சுவை. புயல் அறிக்கையை அப்படிப் படிக்க வேண்டாம். முதல் வரியிலேயே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடைக்குப் போகிறவருக்குத்தான் அது பயன்படும்.